'யாருக்குக் கீழ்?'

வட இந்தியப் பல்கலைக்கழக வளாகங்களில் இரண்டு ஆய்வு மாணவர்கள் முதன்முறை சந்தித்தால் எழும் கேள்வி, 'கிஸ்கே அண்டர்?' என்பது. தமிழில் நாம் 'யார்கிட்டப் பண்றீங்க?' என்கிறோம். 'எதை ஆராய்கிறீர்கள்?' என்பது எப்போதும் இரண்டாவது கேள்விதான். ஆங்கிலத்தில் பெயருக்கு முன் நிற்கும் 'அண்டர்', இந்தியில் பெயருக்குப் பின்னால் சென்று உருபுபோல் அமர்ந்துவிட்டது. இடம் மாறியும் பொருள் மாறவில்லை. ஒருவர் மேலே, மற்றவர் கீழே.

சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் நெறியாளரை அணுகுவது எப்படி என்ற அறிவுரைகளும் வந்துவிடும். அவருடைய கட்டுரைகளைப் படியுங்கள், சுருக்கமாக எழுதுங்கள், பெயரைப் பிழையின்றிக் குறிப்பிடுங்கள், இரண்டு வாரம் பொறுத்துப் பணிவாக நினைவூட்டுங்கள். இவற்றில் ஒன்றும் தவறில்லை. ஆனால் இவை அனைத்தும் சேர்ந்து ஒரு பொய்யைச் சொல்கின்றன: நெறியாளர் கிடைப்பதும் கிடைக்காததும் மாணவரின் நயத்தைப் பொறுத்தது என்னும் பொய். உண்மையில் இது நயத்தின் சிக்கல் அன்று, தகவலின் சிக்கல். அத்தகவலை வைத்திருப்பது நிறுவனம்.

விதிகளைப் பார்ப்போம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட ஒழுங்குமுறைகளின்படி, பேராசிரியர் ஒருவர் ஒரே காலத்தில் 8 ஆய்வாளர்களையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் நெறிப்படுத்தலாம். பணி ஓய்வுக்கு 3 ஆண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதிய ஆய்வாளரை ஏற்க இயலாது. நெறியாளர்களின் பெயர், பதவி, துறை ஆகியவற்றோடு, அவர்களிடம் பதிவு செய்த ஆய்வாளர்களின் பெயர், தலைப்பு, சேர்ந்த நாள் ஆகியவற்றையும் நிறுவனம் தன் இணையதளத்தில் வெளியிட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதும் அதே ஒழுங்குமுறைகளில் உள்ளது. அந்தப் பட்டியல் ஒழுங்காக இருந்தால், யாரிடம் இடம் இருக்கிறது என்பதை எந்த மாணவரும் ஐந்து நிமிடத்தில் கணக்கிட்டுவிடலாம். உங்கள் துறையின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அந்தப் பட்டியல் இருக்கிறதா? இருந்தால், எந்த ஆண்டுக்குரியது?

2 பேராசிரியர், 2 இணைப் பேராசிரியர், 3 உதவிப் பேராசிரியர் உள்ள ஒரு மொழியியல் துறையை எடுத்துக்கொள்வோம். எழுவரும் நெறியாளர் தகுதி பெற்றவர்கள் என்றே கொள்வோம். உச்ச வரம்பு 16, 12, 12 என மொத்தம் 40. ஆய்வாளர் ஒருவர் 6 ஆண்டு எடுத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 7 இடங்களே காலியாகும். அந்த ஏழும் ஒலியியல், தொடரியல், சமூக மொழியியல், கணினி மொழியியல் எனச் சிதறிக் கிடக்கும். ஆகவே 'எனக்குப் பொருத்தமான நெறியாளர் யார்?' என்ற கேள்வி, விரைவில் 'யாரிடம் இடம் இருக்கிறது?' என்று சுருங்கிவிடுகிறது.

இதன் விலையை ஆய்வுப் பொருளே கொடுக்கிறது. ஒடிசாவின் கோராபுட் பகுதியில் பேசப்படும் குதோப் என்னும் முண்டா மொழியை ஆவணப்படுத்த ஒரு மாணவர் வருகிறார் என்று வையுங்கள். கள ஆய்வில் தேர்ந்த ஆசிரியரிடம் இடம் நிரம்பிவிட்டது. இயந்திர மொழிபெயர்ப்பில் பணியாற்றுபவரிடம் ஓர் இடம் உள்ளது. 'தலைப்பைச் சற்று மாற்றிக்கொள்ளுங்கள்' என்பார்கள். அந்தச் 'சற்று' ஒரு மொழியின் அகலம். அம்மொழியின் முதிய பேசுநர்கள் அடுத்த சேர்க்கைக்காகக் காத்திருக்கமாட்டார்கள்.

மாணவர் கொடுக்கும் விலையும் சிறிதன்று. இளநிலை ஆய்வு நல்கை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். தேர்வில் வென்றாலும், ஆய்வில் சேரும்வரை அதில் ஒரு ரூபாயும் கைக்கு வராது. பல பல்கலைக்கழகங்களில் நெறியாளரின் ஒப்புதல் கடிதம் இன்றி விண்ணப்பமே நகராது. வேறு பலவற்றில் அது எழுதப்படாத வழக்கம். விடை வராத ஒவ்வொரு மின்னஞ்சலும் ஊதியமற்ற வாரங்களாகக் கழிகிறது. அந்த வாரங்களைத் தாங்கக்கூடியவர் யார்? பெற்றோர் பேராசிரியராக இருப்பவர், முதுகலையை அதே துறையில் படித்தவர், 'சாரிடம் ஒரு வார்த்தை சொல்கிறேன்' என்று சொல்ல ஆள் உள்ளவர். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவருக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எவரும் இல்லை. வெளியிடப்படாத தகவல் எப்போதும் உறவின் வழியாகவே பயணிக்கும்.

ஆசிரியர்களின் மறுமொழியை அறிவேன். நாள்தோறும் ஒரே வார்ப்பில் மின்னஞ்சல்கள் குவிகின்றன. தம் துறை எதுவென்றே அறியாதவர்கள் எழுதுகிறார்கள். உண்மைதான். ஆனால் கதவு எதுவென்று தெரியாதவன் எல்லாச் சுவரையும் தட்டத்தான் செய்வான். 'இவ்வாண்டு என்னிடம் 1 இடம். பொருள் இன்னது' என்ற ஒற்றை வரி துறைப் பக்கத்தில் இருந்தால், அம்மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை எழுதப்படவே மாட்டா.

அதுவரை மாணவர்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. ஆசிரியரின் கட்டுரைகளை மட்டும் படிக்காதீர்கள். அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளைப் படியுங்கள். சோத்கங்கா களஞ்சியத்தில் நெறியாளர் பெயரை இட்டுத் தேடலாம். எத்தனை பேர் முடித்தார்கள்? தலைப்புகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றனவா, அல்லது ஒரே அச்சில் மொழியின் பெயர் மட்டும் மாறுகிறதா? பிறகு, இப்போது அவரிடம் பயில்பவரைத் தனியே கேளுங்கள்: ஓர் இயலைக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தம் வரும்? இடையில் விலகியவர் உண்டா, ஏன்? பெயர்பெற்ற நெறியாளரைவிட, எழுதியதைப் படித்துத் திருப்பித் தரும் நெறியாளரே மேல். இதைக் கேட்பது அவமதிப்பு அன்று. ஆறு ஆண்டு வாழ்வை ஒப்படைப்பவருக்கு விசாரிக்கும் உரிமை உண்டு.

துறைகளிடம் கேட்பது மூன்று. சேர்க்கை அறிவிப்போடு நெறியாளர்வாரியாகக் காலியிடங்களை வெளியிடுங்கள். தகுதி பெற்ற மாணவருக்கு நெறியாளரை ஒதுக்கும் பொறுப்பைத் துறையே ஏற்கட்டும். ஒப்புதல் கடிதத்துக்காக மாணவரை அலையவிடாதீர்கள். நெறியாளரை மாற்றிக்கொள்ளும் வழிமுறையை, பழிவாங்கல் அச்சம் இன்றிப் பயன்படுத்தக்கூடிய வகையில், எழுத்தில் வையுங்கள்.

இம்மூன்றுக்கும் புதிய நிதி வேண்டாம், புதிய பணியிடம் வேண்டாம். ஒரு பட்டியலும் அதைப் புதுப்பிக்கும் மனமும் போதும். அது இல்லாத துறைகளில் மாணவரிடம் பணிவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொள்ளலாம்.