கிரவுன், பினியன், அண்ணாச்சியின் கிளட்ச் பிளேட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது டீசல் பிக்கப் வாங்கப் போகிறவர்களுக்கான பதிவு. மற்றவர்கள் அண்ணாச்சி கதைக்காகப் படிக்கலாம், தப்பில்லை :-)

புனேயில் இருக்கும் நம்மாட்களுக்கு தேஹு ரோடு தெரியாமல் இருக்காது. அங்கே மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி எங்கள் கோவில்பட்டிப் பக்கம். ஊர்ப் பாசத்தில் எனக்குப் புளி மட்டும் எப்போதும் பழைய விலை. புனே மார்க்கெட் யார்டு பக்கத்திலேயே இருந்தாலும், பருப்பும் மசாலாவும் வாஷி மார்க்கெட்டில் எடுத்தால்தான் கட்டுப்படியாகும் என்பது அவர் கணக்கு. அதற்காக 2018-ல் ஒரு டீசல் பிக்கப் வாங்கினார். செகண்ட் ஹேண்ட், 2016 மாடல். விற்றவர் ராத்திரியில் பத்திரிகைக் கட்டு ஏற்றி ஓட்டியவர். "வண்டி பறக்கும், மைலேஜும் கொட்டும்" என்று சொல்லிக் கொடுத்தாராம்.

பதினாலு மாதத்தில் மூன்று கிளட்ச் பிளேட். மூன்றாவது பிளேட்டுக்கான காசில் பாதியை டிரைவர் சம்பளத்தில் பிடித்துவிட்டார் அண்ணாச்சி. டிரைவர் தென்காசிப் பக்கத்துப் பையன், கல்யாணமாகி ஆறு மாதம்.

"அந்தப் பய அரை கிளட்ச்சுல மிதிச்சு மிதிச்சே தின்னுட்டான் தம்பி. காட்ல கியர் மாத்தத் தெரியல அவனுக்கு."

"இல்லண்ணே, வண்டி ஏற மாட்டேங்கு. மூணாவது கியர்ல செத்துருது, ரெண்டுல போட்டா அலறுது" என்றான் பையன் என்னிடம் தனியாக.

நான் பல்சக்கரம் வெட்டுகிற தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். 'மூணுல செத்துருது, ரெண்டுல அலறுது' என்று கேட்டதுமே காது விடைத்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அவனோடு வண்டியில் ஏறிக்கொண்டேன்.

மும்பை எக்ஸ்பிரஸ்வே கிவளேயில் ஆரம்பித்து களம்போலியில் முடிகிறது, 94.5 கிலோமீட்டர். ஆரம்பத்தில் மீட்டரைக் குறித்துக்கொண்டேன், முடிவில் பார்த்தேன். காட்டியது 85. டயரைப் பார்த்தால் கம்பெனி சொன்ன அதே 215/75 ஆர்15. அப்படியானால் அந்தப் பத்துச் சொச்சம் கிலோமீட்டர் எங்கே போயிற்று?

ஆக்சிலுக்குள் போயிற்று.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸ், அங்கிருந்து புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதன் நுனியில் சின்னதாக பினியன். பின் ஆக்சில் ஹவுசிங்குக்குள் பெரிதாக கிரவுன் வீல். கிரவுனில் 41 பல், பினியனில் 9 பல் என்றால் ஷாஃப்ட் 4.56 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. அதுதான் ஆக்சில் ரேஷியோ. பினியனில் 10 பல் என்றால் 4.1. எண் பெரிதானால் இழுவை கூடும், எண் சிறிதானால் அதே எஞ்சின் சுற்றுக்கு வேகம் கூடும்.

இந்த வண்டியில் மீட்டருக்கான சென்சார் கியர்பாக்ஸ் வாலில் இருக்கிறது. ஷாஃப்ட் சுற்றுவதைத்தான் அது எண்ணுகிறது, சக்கரத்தை அல்ல. ஒரிஜினல் 4.56-ஐ யாரோ கழற்றிவிட்டு 4.1 போட்டிருக்கிறார்கள். நூறு கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் தொண்ணூறுதான் காட்டும். ஏன் மாற்றினார்கள் என்பதும் அப்போதுதான் விளங்கியது. 2015 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாரான சரக்கு வண்டிகளுக்கு 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வந்துவிட்டது. அந்தக் கருவி 80 என்று நினைக்கும்போது இந்த வண்டி 89-ல் ஓடும்! விடிவதற்குள் பேப்பர் போய்ச் சேர வேண்டுமே. கில்லாடிதான், ஆனால் சட்டப்படி தப்பு. அந்த வேகத்தில் பிரேக்கும் நம் பேச்சைக் கேட்காது.

சந்தேகம் தீர, ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் ஜாக்கி போட்டோம். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினோம். இப்படி ஒற்றைச் சக்கரம் தரையில் நிற்கும்போது டிஃபரன்ஷியல் பாதியைத் தின்றுவிடும். அதனால் தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். ஷாஃப்ட்டில் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினான் பையன். நாலு சுற்று, அதற்கு மேல் கொஞ்சூண்டு. நாலரை இல்லை. (வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள், ஜாக்கியை நம்பி யாரும் படுக்கக் கூடாது.)

இனி என் கட்சி. 'சின்ன எண் ஆக்சில்தான் மைலேஜ்' என்று மெக்கானிக்கிலிருந்து மாமனார் வரை எல்லோரும் சொல்கிறார்கள். காலி வண்டிக்கு, சமதளத்துக்கு அது சரி. சுமையோடு மலை ஏறும் வண்டிக்கு அது பச்சைப் பொய்.

அண்ணாச்சியின் பிழைப்பைப் பாருங்கள். வாஷி கடல் மட்டம், லோனாவளா அதைவிட சுமார் அறுநூறு மீட்டர் உயரம். போகும்போது காலி வண்டி இறங்குகிறது. வரும்போது மூட்டையோடு கோப்போலி தாண்டி ஏறுகிறது. சனி ஞாயிறு நெரிசல் வேறு, நின்று நின்று எடுக்க வேண்டும்.

கணக்குக்கு, சுமையோடு மொத்தம் 3.4 டன் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டுக்கு ஒன்று என்கிற ஏற்றம். உருளும் தடையையும் சேர்த்தால் வண்டி மேலே நகர சக்கரத்தில் சுமார் 335 கிலோ இழுவிசை வேண்டும். எஞ்சின் 1400-லிருந்து 2200 சுற்று வரை 200 நியூட்டன் மீட்டர் முறுக்கு தரும் சாதாரண டீசல். மூன்றாவது கியர் 1.4, இரண்டாவது 2.3. வழியில் பத்து சதவீதம் வீணாகும் என்று கழித்தால், 4.1 ஆக்சிலில் மூன்றாவது கியர் தருவது 310 கிலோ. போதாது. 4.56-ல் 344. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடும்.

அதாவது முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது, 'மைலேஜ் ஆக்சில்' வண்டி இரண்டாவது கியரில் 2200 சுற்றில் கத்துகிறது. 'இழுவை ஆக்சில்' வண்டி மூன்றாவது கியரில் 1500-க்குள் போகிறது. டீசல் எதற்கு அதிகம் போகும் என்று நான் சொல்ல வேண்டுமா? நின்று எடுக்கும்போது கதை இன்னும் மோசம். முதல் கியரிலும் பதினொரு சதவீத வித்தியாசம் உண்டு. குறைகிற அந்த இழுவையை ஈடுகட்ட எஞ்சினை முறுக்கி கிளட்ச்சைத் தேய்த்துத்தான் வண்டியை நகர்த்த முடியும். பையன் மிதித்துத் தின்றது அதைத்தான். வேறு யார் ஓட்டியிருந்தாலும் தின்றிருப்பார்கள்.

சரி, நெடுஞ்சாலையில் என்ன இழப்பு? ஐந்தாவது கியர் 0.8 என்று வையுங்கள். எண்பதில் 4.1 ஆக்சிலுக்கு எஞ்சின் 2030 சுற்று, 4.56-க்கு 2260. அறுபதில் 1525-ம் 1700-ம். அந்த 4.56-ம் முறுக்கு வரும் எல்லையில்தான் கிடக்கிறது, உச்சியில் மட்டும் துளி தாண்டுகிறது. கருவி எப்படியும் 80-க்கு மேல் விடாது. 100-ல் ஓடவே முடியாத வண்டிக்கு 100-ல் ஓடும் ஆக்சில் எதற்கு?

இதற்காக எல்லோரும் பெரிய எண் ஆக்சிலுக்கு ஓடாதீர்கள். சாக்கனிலிருந்து சமதள ரோட்டில் கூரியர் பெட்டி, தெர்மாகோல், பிஸ்கட் என்று எடையில்லாத சரக்கு ஏற்றுபவருக்கு 4.1 போதும், எஞ்சின் சத்தமில்லாமல் ஓடும். வருடத்துக்கு ஒருமுறை மலை ஏறுவதற்காக தினமும் கூடுதல் சுற்று சுற்ற வேண்டியதில்லை. என்றைக்காவது போகும் ரோட்டைப் பார்த்து ஆக்சிலை முடிவு செய்யக் கூடாது. அடிக்கடி போகும் ரோட்டில், சுமை இருக்கும் பக்கம் ஏற்றமா இறக்கமா என்று மட்டும் பாருங்கள்.

இதொன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. இரண்டாம் உலகப் போர் ஜீப்பின் ஆக்சில் 4.88. போர் முடிந்து அதையே 1945-ல் விவசாயிகளுக்காக சிஜே-2ஏ என்று கொண்டுவந்தபோது 5.38 ஆக்கினார்கள். ஏர் இழுக்க வேண்டுமே! அமெரிக்காவில் பெரிய டீசல் பிக்கப் வாங்குபவர்கள் 3.42-ஆ, 3.73-ஆ, 4.10-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். நம் ஊரிலும் டிப்பர் லாரிக்காரர்கள் விவரமானவர்கள். 41-க்கு 7 பல்லா 6 பல்லா என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள், 5.86-ம் 6.83-ம் அவர்களுக்கு மனப்பாடம். பிக்கப் வாங்கும் சின்ன வியாபாரிதான் பாவம், நிறத்தையும் மாதத் தவணையையும் பார்த்து வாங்குகிறான். வேரியன்ட்டுக்கு வேரியன்ட் ஆக்சில் மாறுகிறதா என்று கேட்பதே இல்லை.

அண்ணாச்சியிடம் இவ்வளவையும் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு "மாத்த எவ்வளவு ஆகும்?" என்றார். ஒரிஜினல் கிரவுன் பினியன் செட், பேரிங், கூலி எல்லாம் இருபத்தி சொச்சம் ஆயிரம் ஆயிற்று. அந்த செட்டில் கிரவுனும் பினியனும் ஜோடியாக வருவது, ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. பல் பிடிப்பைச் சாயம் தடவிப் பார்த்துப் பொருத்தத் தெரிந்த ஆளிடம்தான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி 'ஊஊ' என்று பாடும்.

மாற்றிய பிறகு இரண்டரை வருடம் வண்டி அவரிடம் இருந்தது. கிளட்ச் பிளேட் மாற்றவில்லை. லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, மைலேஜ் கூடவில்லை, உங்கள் மீட்டர் திருந்தியிருக்கிறது" என்றேன். கேட்பதாக இல்லை.

பையன் அதற்கு முன்பே ஒரு கம்பெனி பஸ் ஓட்டப் போய்விட்டான். பிடித்த பணத்தைக் கொடுங்கள் என்று நான் இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை என் வீட்டம்மா கடையில் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாள். அன்று சாயங்காலமே கொடுத்தனுப்பினார், கூடவே ஒரு கிலோ புளி. பையன் பணத்தை வாங்கிக்கொண்டான், புளியைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

டிஸ்கி: மேலே போட்ட கியர் எண்களும் எடையும் கணக்குக்கு வைத்துக்கொண்டவை, உங்கள் வண்டிக்கு அதன் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஆக்சிலைத் தொடாமல் பெரிய டயர் மாட்டினாலும் இதே வினைதான். டயர் உயரம் ஐந்து சதவீதம் கூடினால் 4.56 ஆக்சில் 4.34 போல ஆகிவிடும், மீட்டரும் பொய் சொல்லும். உத்தரவாதம் இருக்கும் புது வண்டியில் கிரவுனை மாற்றாதீர்கள், வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.