மரப்பட்டைக் கடதாசியும் நம் பெற்றோரும்

பாடசாலையில் விஞ்ஞானச் செயற்றிட்டம் என்றதும், புகுந்த நாட்டின் மொழி கைவராத நம் பெற்றோர் பலர், கடையில் ஆயத்தப் பொதியொன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுகின்றனர். இதனை நாம் ஏற்கவில்லை. மரப்பட்டையிலிருந்து கடதாசி செய்வதற்கு மொழியைவிடக் கைகளே வேண்டும்.

கி.பி. 105 இல் சீனாவின் சாய் லுன் தம் அரசனுக்கு அறிவித்த கடதாசியிலும் மரப்பட்டை இருந்தது. நேபாளத்தில் லொக்தா என்னும் செடியின் உட்பட்டையை மரபாகச் சாம்பல் நீரிலேயே அவித்தனர். அடுப்புச் சாம்பலால் பாத்திரம் துலக்கிய நம் தாய்மார் அதன் காரத்தை அறியாதவரா? அக்காரமே நார்களைப் பிணைத்திருக்கும் பசையைக் கரைக்கிறது. (இங்கே சலவைச் சோடா போதும், எரிசோடா வேண்டவே வேண்டாம்.) அவிப்பதைக் கையுறையுடன் பெரியவர்கள் செய்யட்டும். நன்கு கழுவிய நாரை இடிப்பதும், வலையடித்த சட்டத்தில் வார்ப்பதும் பிள்ளையின் வேலை.

முதல் தாள் கிழியும், இரண்டாவது கட்டிதட்டும். பரிசை எண்ணிப் பெற்றோர் அதனைத் திருத்தி வார்ப்பதுதான் கூடாது. பழைய செய்தித்தாளைக் கரைத்து இன்னொரு தாள் வார்த்து, இரண்டில் எது அதிக எடை தாங்குகிறது, நீண்ட நார் ஏன் வலிது என்பதைப் பிள்ளையே கண்டறியட்டும்.

பட்டைக்கு, கத்தரித்து வீழ்த்திய முசுக்கொட்டைக் கிளைகளைக் கேட்டுப் பெறுங்கள். நிற்கும் மரத்தைச் சுற்றிவர உரித்தால் அம்மரம் பட்டுவிடும்.