அரியன காத்தல்

சிறுவர்க்குரிய கற்பனைக் கதைகளில் உலகில் இல்லாத விலங்குகள் பல உலவுகின்றன. இல்லாத உயிரைக் காக்கும் கதையால் விளையும் பயன் யாது எனச் சிலர் வினவுவர். ஒரு நூலைக்கொண்டு அவ்வினாவிற்கு விடை காண்போம்.

முதல் உலகப் போரில் பிரித்தானியப் படையில் பணியாற்றியவர் ஹியூ லாப்டிங் என்பார். அங்கே காயமுற்ற வீரர்க்கு மருத்துவம் கிடைத்தது. காயமுற்ற குதிரைகளோ சுட்டுக் கொல்லப்பட்டன. அக்கொடுமை அவர் உள்ளத்தை உறுத்தியது. போர்முனையிலிருந்து தம் மக்களுக்கு எழுதிய மடல்களில், விலங்குகளின் மொழியறிந்து பிணி தீர்க்கும் டூலிட்டில் என்னும் மருத்துவரைப் படைத்தார். அக்கதை 1920-ஆம் ஆண்டில் நூலாயிற்று.

அந்நூலில் முன்னொரு தலையும் பின்னொரு தலையும் உடைய விலங்கு ஒன்று வருகின்றது. ஆப்பிரிக்கக் காட்டில் அது மிக அரியதாய் இருந்தது என்றும், இன்று அவ்வினமே அற்றுவிட்டது என்றும் ஆசிரியர் கூறுகின்றார். தம் நோய் நீக்கிய மருத்துவர்க்கு நன்றி செலுத்த விழைந்த குரங்குகள் அதனை அழைத்து வந்தன. அதனைக் காட்சிக்கு வைத்தால் பொருள் குவியும், மருத்துவரோ வறியவர். ஆயினும், உடன்வர அதற்கு விருப்பம் உண்டோ என்று அவர் வினவினார். அயல்நாடு பிடிக்காவிடின் தன்னைத் திருப்பி அனுப்புதல் வேண்டும் என அது கேட்க, அவ்வாறே உறுதி கூறினார்.

அரியதொன்றைக் கண்டவுடன் கைப்பற்ற எண்ணுதல் உலகியல்பு. கைப்பற்றும் ஆற்றல் இருந்தும், எளிய உயிரின் இசைவைக் கேட்டு நிற்றல் அறம். குதிரைகள் மடிந்த களத்தைக் கண்ட ஒருவர், இத்தகைய மனிதரைத் தம் குழந்தைகட்குக் காட்டினார். மனிதர் திருந்துவர் என்னும் நம்பிக்கைக்கு இதனினும் சிறந்த அடையாளம் வேண்டுமோ?

அந்நம்பிக்கை பொய்யன்று. அரேபியப் பாலைநிலத்து ஓரிக்ஸ் என்னும் வெண்ணிற இரலைமான், வேட்டையால் 1972-ஆம் ஆண்டில் தன் வாழிடத்தில் அறவே அற்றுப்போயிற்று. முன்னரே சிலவற்றைப் பிடித்து வேற்றிடங்களில் பேணி வளர்த்திருந்தமையால், அவ்வினம் 1982-ஆம் ஆண்டில் ஓமன் நாட்டுப் பாலையில் மீண்டும் விடப்பட்டது. கதையில் மருத்துவர் அளித்த உறுதியை மாந்தர் மெய்யாகவே நிறைவேற்றினர் எனலாம். எனினும், 1996-ஆம் ஆண்டு முதல் களவு வேட்டையால் அங்கு அவை மீண்டும் குறைந்தன. காத்தல் ஒருநாட் செயலன்று என்பதை இதனால் உணர்கின்றோம்.

தலைமுறைதோறும் காவலர் வேண்டும். அவர் உள்ளம் இளமையிலேயே பண்படுதல் வேண்டும். ஆதலின், இத்தகைய கதைகளை வீண் என்று ஒதுக்குதல் தகாது. இல்லாத விலங்கின்பால் இரங்கக் கற்ற நெஞ்சம், இருக்கும் உயிரின்பால் எளிதில் இரங்கும்.