கெணத்துத் தண்ணிக்கு எழுத்துல கணக்கு வேணும்!



நம்ம திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் எந்த ஊரில் கேட்டாலும் தண்ணி எத்தனை அடியில் கெடக்குன்னு டக்குன்னு சொல்லிப்புடுவோம். அதுல உப்பு எவ்வளவுன்னு கேட்டா, "சவர்ப்பா இருக்குப்பா" என்பதோடு சரி. மனுவில் "சவர்ப்பு" என்று எழுதினால் எந்த அதிகாரி ஏற்பார், எந்தக் கோர்ட்டு ஏற்கும்?

பாலாற்றுக் கரையைப் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளில் உப்புப் போட்ட தோலை அலசிய கழிவு நிலத்திலும் கெணத்திலும் இறங்கியது. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பலம் கொடுத்தவை எண்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம், சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுசாகவோ வெள்ளாமைக்கு உதவாமல் போனதாகக் கணக்குக் கொடுத்தது. நமக்குப் பக்கத்துத் திண்டுக்கல்லில் 13 கிராமங்களில் 467 கெணறுகளைப் பார்த்து, 350 கெட்டுவிட்டது என்று ஒரு தொண்டு நிறுவனம் எழுதி வைத்தது.

சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியராக இருந்த எஸ்.ஜனகராஜனை இங்கே சொல்லியாகணும். பொருளாதாரம் படித்தவர். ஏரி, கெணறு, பாலாறு, நொய்யல் என்று பல வருசம் தண்ணியையே ஆராய்ந்தவர். கட்டுரை எழுதியதோடு நிற்கவில்லை. 2002ல் பாலாற்று விவசாயிகளையும் தோல் ஆலைக்காரர்களையும் அதிகாரிகளையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைத்தார். படிச்சவங்க வேலைன்னா இதுதான்யா வேலை! நம்ம பக்கமும் பாட்டிலோடு ஆட்கள் வந்தார்கள், என் கெணத்திலும் எடுத்தார்கள். யாருன்னு பேரு வேண்டாம். முடிவு என்னன்னு ஒரு துண்டுக் காகிதம் திரும்பி வரல.

கணக்கு இருந்துட்டா எல்லாம் உடனே கெடைச்சிரும்னு நான் சொல்லவில்லை. பாலாற்றில் 2001ல் 29,193 பேருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் நட்டஈடு என்று முடிவானது. பங்கு போட்டுப் பாருங்க, தலைக்குப் பத்தாயிரம்கூட வராது. நட்டஈடு கிடைக்காதவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. எண்கள் கையில் இருந்தவர்களுக்கே இந்தக் கதி.

இது வழக்குக்கு மட்டுமில்ல. பாசனத் தண்ணியின் உப்பை ஈ.சி. என்ற எண்ணால் சொல்வார்கள். 0.7க்குள் என்றால் கவலையில்லை. 3ஐத் தாண்டினால் ஆபத்து. அப்பவும் பருத்தி தாங்கும், மிளகாய் தாங்காது. இது தெரியாமல் வட்டிக்கு வாங்கி மிளகாய் நட்டவன் விதைக்காரனையும் மருந்துக்கடைக்காரனையும் திட்டிக்கிட்டு இருக்கான். குடிதண்ணி இன்னும் மோசம். ப்ளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பல் கறை பிடிக்கும், வருசக் கணக்கில் குடித்தால் எலும்பு வளையும். அதுக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. நாக்கை நம்பிப் பிரயோசனமில்லை.

நாம் கேட்பது இதுதான். மழை முடிஞ்சு தை மாசம் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை, ஊருக்கு ஊரு கெணறு, போர், கண்மாய்த் தண்ணியை அரசு செலவில் சோதிக்கணும். முடிவைத் தமிழில் பஞ்சாயத்துச் சுவரில் எழுதணும். கோவிலாங்குளம் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் ஊருக்கு வந்து, எந்தத் தண்ணிக்கு எந்தப் பயிர் என்று சொல்லணும். ஆராய்ச்சிக்குத் தண்ணி எடுக்கிறவர் யாராயிருந்தாலும் முடிவின் நகலைக் கெணத்துக்காரர் கையில் கொடுக்கணும்.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஆளுக்கொரு லிட்டர் பாட்டிலோடு விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்கு வாங்க. மருந்து பாட்டில் வேண்டாம். மோட்டாரைப் பத்துப் பதினஞ்சு நிமிசம் ஓடவிட்டு, அதே தண்ணியில் மூணு தடவை அலசி, நிறையப் பிடிச்சு மூடுங்க. மேலே ஊர், சர்வே நம்பர், ஆழம், எடுத்த தேதி எழுதி ஒட்டுங்க. மனுவோடு அதையும் மேசையில் வைப்போம்.