அஞ்சத்தக்கவர் யார்?

ஆலைகள் மலிந்த தண்டலத்தில், வேலூர் செல்லும் பேருந்தொன்றில் சென்ற ஆண்டு ஏறினோம். நிற்கவும் இடமில்லாத நெரிசலில், ஓர் இளைஞர் அருகில் மட்டும் இருக்கை வெறுமையாயிருந்தது. அவர் முகத்திலும் கைகளிலும் வெண்திட்டுகளும் கருந்திட்டுகளும் படர்ந்திருந்தன. யாமும் ஒரு கணம் தயங்கினோம். அதனை மறைத்தல் தகாது. பின்னர் அமர்ந்து உசாவினோம். அவர் ஆலைத் தொழிலாளி. இரத்தப் புற்றுநோயுற்று, தமையனாரின் எலும்பு மஜ்ஜையைப் பெற்று உயிர் மீண்டவர்.

இச்சிகிச்சை நம் நாட்டில் 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் தொடங்கிற்று. நோயாளியின் கெட்ட மஜ்ஜையைக் கடுமருந்துகளால் அழித்து, பிறர் தந்த மூல உயிரணுக்களை இரத்தக் குழாய் வழியே செலுத்துவர். அவை எலும்பினுட் சென்று தங்கிப் புதுக்குருதியை ஆக்குகின்றன. ஆயின் அவற்றோடு வந்த காவலணுக்கள் சில வேளை, புகுந்த உடலையே பகையெனக் கொண்டு பொருகின்றன. அப்போரில் தோலே பெரும்பாலும் முதலில் அடிபடுகின்றது. உள்ளங்கை, உள்ளங்கால், காது ஆகியவற்றில் செந்தடிப்பு எழும். திங்கள் பல கழிந்த பின்னும் சிலர்க்குத் தோல் பதனிட்ட தோல்போல் இறுகி மூட்டுகள் மடங்கா; வேறு சிலர்க்கு நிறம் மாறும், மயிர் உதிரும். வெயில் பட்டால் நோய் மிகும்.

வியப்பு யாதெனில், எஞ்சிநிற்கும் புற்றணுக்களைத் தேடிக் கொல்வனவும் இக்காவலணுக்களே. ஆதலின் மருத்துவர் அவற்றை முற்றும் அடக்காது, உயிர்க்கு ஊறு நேராவண்ணம் மட்டாக அடக்க முயல்கின்றனர்.

இந்நோய் கிருமியால் வருவதன்று, எவரையும் ஒட்டாது. காவலணுக்களை அடக்கும் மருந்தை உண்பவர்க்கோ நம் சளியும் இருமலுமே பெருங்கேடு. அவரன்றோ நம்மைக் கண்டு அஞ்சுதற்குரியர்! தொழுநோயென ஐயுற்று விலகினோம் என்பாரும் உளர். அந்நோயும் மருந்துண்ணத் தொடங்கிய சின்னாளில் பிறரைத் தொற்றாது. இவ்வேலூரிலேயே பால் பிராண்டு என்னும் மருத்துவர் தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவையால் நிமிர்த்தினார். அவ்வூர்க்குச் செல்லும் பேருந்திலேயே இவ்வச்சம் ஏறி வருகின்றதே!

ஆலை முதலாளிமார்க்கு எம் வேண்டுகோள் ஒன்றுண்டு. இத்தகையோர் மீண்டு வருங்கால், தோலைக் கண்டு வேலையை மறுத்தல் கூடாது. மருத்துவர் இசைவு பெற்று, வெயில் படாத இடத்தில் வேலை தருதல் வேண்டும். மாதந்தோறும் மருத்துவமனை செல்ல விடுமுறையும் நல்குதல் வேண்டும். எம்முடன் வந்தவர்க்கு இவ்விரண்டும் கிடைத்தில. பேருந்தினின்று இறங்குமுன் முழுக்கைச் சட்டையின் பொத்தானை மாட்டித் தொப்பி அணிந்தார். வெயிலுக்காக என்றார், பிறர் கண்ணுக்காகவும் என்றே எமக்குப் பட்டது.