கவ்வாம் என்னும் சொல்லும் நம் ஆடவரும்

ஆண்மகனுக்கு இல்லத்தில் அதிகாரம் அளித்தது மார்க்கமே என்று நம்மவர் சிலர் மேடைதோறும் முழங்கக் கேட்கிறோம். அவர்கள் காட்டும் சான்று சூரத்துந் நிஸாவின் 34ஆம் வசனம். அதிலுள்ள 'கவ்வாம்' என்ற சொல்லை அதிகாரி என்று பெயர்த்துவிட்டு அவ்வளவில் நிறைவு கொள்கின்றனர். ஸர்ஃபு நூலைத் திறந்த மத்ரஸா மாணவனும் அறிவான்: காஃப், வாவ், மீம் என்னும் வேரில், நிற்றல் என்ற பொருளில் பிறந்த சொல் அது, விடாது நின்று தாங்குபவன் என்பதே அதன் கருத்து.

அதே சூராவின் 135ஆம் வசனத்தில் அச்சொல் மீண்டும் வருகிறது. தமக்கோ தம் பெற்றோருக்கோ பாதகமாக முடியினும் நீதிக்காகக் கவ்வாம்களாய் நிற்குமாறு விசுவாசிகள் அனைவரும் அங்கே ஏவப்படுகின்றனர். 34ஐ மனனம் செய்தோர் 135 வந்ததும் ஏட்டைப் புரட்டிவிடுவது ஏனோ!

இன்னொன்றும் கேட்போம். ஆடவன் தன் பொருளைச் செலவிடுவதையும் அந்த 34ஆம் வசனமே காரணமாகச் சொல்கிறது. மஹரைப் பெயரளவில் எழுதிவிட்டு, மாமனாரிடம் கைக்கூலியும் நகையும் வாகனமும் பெற்று வாழ்பவன், எந்தச் செலவைக் காட்டிக் கவ்வாம் என்கிறான்? அவனைத் தாங்கி நிற்பவர் அவன் மாமனார் அன்றோ!

நமது புதுக்கோட்டையில், 'ஸ்டெப்ஸ்' அமைப்பை நடத்திய தாவூத் ஷரீஃபா கானம் முதலான பெண்கள் 2000களின் தொடக்கத்தில் தனியே பெண்கள் ஜமாஅத் கூட்டினர். பெண்களுக்கெனப் பள்ளிவாசல் எழுப்பவும் முனைந்தனர். வசைபாடியோர் பலர். அவர்கள் சொன்ன அனைத்தையும் நாம் ஏற்கவில்லை. ஆனால் அவர்கள் கூடியதற்கு முதற்காரணம் எது? ஆடவர் மட்டுமே அமர்ந்த ஜமாஅத், கணவன் தரப்பைக் கேட்டு, மனைவி அவ்விடத்தில் இல்லாமலே அவள் வாழ்வுக்குத் தீர்ப்பெழுதியது. இக்குற்றச்சாட்டுக்கு விடை கூறியபின் வசைபாடியிருக்கலாம்.

நாயகம் (ஸல்) அவர்களிடம் கவ்லா பின்த் ஸஃலபா என்ற பெண்மணி, தம் கணவர் தம்மைத் தாயின் முதுகுக்கு ஒப்பிட்டு விலக்கியதை எதிர்த்து முறையிட்டார், விடாது வாதாடினார். அவருக்காகவே வசனங்கள் இறங்கின. அந்த 58ஆம் சூராவுக்கு 'வாதாடும் பெண்' என்றே பெயர். இன்று அவர் நம் மஹல்லாவுக்கு வந்தால், "வலியை அனுப்பு, நீ வீட்டுக்குப் போ" என்போம் போலும்!

தலாக்குக்குத் தக்க காரணம் வேண்டும், அதற்குமுன் இருதரப்பு நடுவர் வழியே சமரச முயற்சி வேண்டும் என்று 2002இல் ஷமீம் ஆரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. நிஸாவின் 35ஆம் வசனம் நடுவர்களை முன்பே விதித்திருந்தது. நம் ஜமாஅத்துகள் பல அதைக் கிடப்பில் போட்டிருந்தன. 2017 ஆகஸ்ட் 22இல் உடனடி முத்தலாக் செல்லாது என்ற தீர்ப்பு வந்தது. 2019இல் அதற்கு மூன்றாண்டுவரை சிறை விதிக்கும் சட்டமும் வந்தது. கணவனைச் சிறையிலிட்டால் மனைவியின் ஜீவனாம்சம் என்னாவது என்ற ஐயம் நமக்கும் உண்டு. எனினும், அந்நியர் தலையீடு என்று அலறுவோர், கதவைத் திறந்து வைத்தவர் எவர் என்பதையும் சொல்லட்டும்.

முத்தவல்லிமாரே, நாட்டாண்மைக்காரர்களே! அடுத்த வழக்கில் மனைவியை அழையுங்கள். துணைக்குத் தாயோ தமக்கையோ அமரட்டும். அவள் கூறுவதை அவள் வாயால் கேட்டு, அவள் சொற்களிலேயே பதிவேட்டில் எழுதுங்கள். அதை அவளுக்கு வாசித்துக் காட்டியபின் கணவனைப் பேசவிடுங்கள்.