தளம் முரண்டு பிடிக்கிறதா? எக்ஸ்டென்ஷனைக் கவனியுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பிரவுசரைப் பழகிய சில நாட்களிலேயே எக்ஸ்டென்ஷன்களைப் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். விளம்பரத்தைத் தடுக்க ஒன்று, ஸ்கிரீன் ஷாட் எடுக்க ஒன்று, பி.டி.எப். பைலை மாற்ற ஒன்று. சாப்ட்வேர் எஞ்சினியர் என்பதால் தெரிந்தவர்கள் என்னிடம் கம்ப்யூட்டரைக் காட்டுவதுண்டு. பிரவுசரின் மேல் ஓரத்தில் பத்துப் பதினைந்து ஐகான்கள் இருக்கும். பாதி எதற்காக வந்தன என்று உரிமையாளருக்கே நினைவிருக்காது. ஏதாவது ஒரு தளம் சரியாக வரவில்லை என்றால், அதைச் சரி செய்ய இன்னும் ஒரு எக்ஸ்டென்ஷனைத் தேடுவார்கள். இந்த வழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து.

எக்ஸ்டென்ஷன் என்பது பிரவுசருக்குள் இயங்கும் சிறிய புரோகிராம். நிறுவும்போது, எல்லா இணைய தளங்களிலும் உள்ள உங்கள் தகவல்களைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி வேண்டும் என்று பல எக்ஸ்டென்ஷன்கள் கேட்கின்றன. நாமும் படிக்காமலே சம்மதம் தந்துவிடுகிறோம். எல்லாத் தளங்களிலும் என்றால் உங்கள் மெயிலும், நெட் பேங்கிங் பக்கமும், அதில் நீங்கள் டைப் செய்யும் பாஸ்வேர்டும் அதில் அடக்கம்.

ஒரு காலத்தில் எக்ஸ்டென்ஷன் இல்லாமல் முடியாது என்ற நிலை உண்மையாகவே இருந்தது. 2001ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6ஐ மட்டுமே மனதில் வைத்துப் பல தளங்கள் எழுதப்பட்டன. 2004 நவம்பரில் பயர்பாக்ஸ் 1.0 வந்தபோது, அதில் அந்தத் தளங்கள் கோணல்மாணலாகத் தெரிந்தன. அதற்காகவே ஐ.இ. டேப் என்ற எக்ஸ்டென்ஷன் உருவானது. பயர்பாக்ஸ் டேபிற்குள்ளேயே எக்ஸ்புளோரரைத் திறந்து காட்டியது. தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருவைப் பயன்படுத்தி வந்த நாட்களில், அவற்றை யூனிகோடிற்கு மாற்றிப் படிக்க பத்மா என்ற எக்ஸ்டென்ஷன் உதவியது. இவை நல்ல வேலை செய்தன என்பதில் சந்தேகமில்லை.

இன்று நிலைமை வேறு. பிளாஷ் 2020 இறுதியோடு முடிந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு மைக்ரோசாப்ட் 2022 ஜூன் 15 அன்று விடை கொடுத்தது. குரோம், எட்ஜ், ஓப்பரா, பிரேவ் எல்லாமே பிளிங்க் என்ற ஒரே எஞ்சினைக் கொண்டு பக்கங்களைக் காட்டுகின்றன. பயர்பாக்ஸும் ஆப்பிளின் சபாரியும்தான் வேறு எஞ்சின் கொண்டவை. எனவே பிரவுசருக்கும் தளத்திற்கும் ஒத்துவராமல் போவது முன்பைவிடக் குறைந்துவிட்டது. நான் பார்த்த வரையில் பெரும்பாலும் குற்றவாளி, ஏற்கனவே நிறுவி வைத்திருக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன்தான்.

உறவினர் ஒருவர் இன்சூரன்ஸ் பிரீமியம் கட்ட முயன்றார். பணம் செலுத்தும் பட்டனை எத்தனை முறை கிளிக் செய்தாலும் அசைவே இல்லை. அவருடைய விளம்பரத் தடுப்பான், வங்கிப் பக்கத்தைத் திறக்கும் விண்டோவையும் விளம்பரம் என்று எண்ணி மூடிக்கொண்டிருந்தது. இன்னொருவருக்குக் கேப்சா எழுத்துகள் தெரியவில்லை. காரணம், பக்கத்தைக் கறுப்பாக்கும் எக்ஸ்டென்ஷன்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். குரோம் அல்லது எட்ஜில் கன்ட்ரோல், ஷிப்ட், என் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். பயர்பாக்ஸில் என்னுக்குப் பதில் பி. திறக்கும் தனி விண்டோவில், நீங்களாக அனுமதித்திருந்தால் தவிர, எக்ஸ்டென்ஷன்கள் இயங்காது. பழைய குக்கிகளும் இருக்காது. அதில் தளம் ஒழுங்காக வேலை செய்தால் தவறு உங்கள் எக்ஸ்டென்ஷனிலோ குக்கியிலோ இருக்கிறது. எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். அங்கும் வேலை செய்யவில்லை என்றால் வேறு எஞ்சின் உள்ள பிரவுசரில் சோதியுங்கள். குரோமில் வராததை எட்ஜில் பார்ப்பதைவிட பயர்பாக்ஸில் பார்ப்பதுதான் பயன் தரும்.

சிலர் யூசர் ஏஜென்ட் மாற்றும் எக்ஸ்டென்ஷனைப் போடச் சொல்வார்கள். பிரவுசர் தன் பெயரை மாற்றிச் சொல்லித் தளத்தை ஏமாற்றும் வித்தை இது. (குரோமும் தன்னை "மொசில்லா/5.0" என்று தொடங்கித்தான் அறிமுகம் செய்துகொள்கிறது. அது பழைய ஏமாற்று.) சில சமயம் பலிக்கும். வேலை முடிந்ததும் நிறுத்த மறந்தால் நன்றாக இருந்த வேறு தளம் கெடும்.

இவ்வளவு எச்சரிக்கை தேவையா என்று கேட்கலாம். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷன், பயன்படுத்தாத டேப்களை உறங்க வைத்து மெமரியை மிச்சப்படுத்தியது. 20 லட்சம் பேருக்கு மேல் அதைப் பயன்படுத்தினார்கள். 2020ல் அது வேறு கைக்கு விற்கப்பட்டது. 2021 பிப்ரவரியில், தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை நீக்கியது. 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் போலி மெயிலில் சிக்க, அந்த நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனிலேயே தகவல் திருடும் அப்டேட் ஏற்றப்பட்டது. பயன்படுத்தியவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. அப்டேட் தானாக வந்தது, அவ்வளவுதான். பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இந்தக் கதி என்றால், யார் எழுதியது என்றே தெரியாத இலவச பி.டி.எப். மாற்றியை எப்படி நம்புவது?

பலவற்றிற்கு இப்போது எக்ஸ்டென்ஷனே வேண்டாம். டேப்களை உறங்க வைப்பதைக் குரோமும் எட்ஜும் தாங்களே செய்கின்றன. ஸ்கிரீன் ஷாட் எடுக்கும் வசதி எட்ஜிலும் பயர்பாக்ஸிலும் உள்ளது. என் அலுவலக பிரவுசரில் இருப்பவை இரண்டே: ஒரு பாஸ்வேர்ட் மேனேஜர், ஒரு விளம்பரத் தடுப்பான். மற்றவை வேண்டித்தான் ஆக வேண்டும் என்றால், குரோமில் எக்ஸ்டென்ஷனின் விவரப் பக்கத்திற்குச் சென்று, கிளிக் செய்யும்போது மட்டும் அல்லது குறிப்பிட்ட தளங்களில் மட்டும் இயங்கும்படி அமைத்துவிடுங்கள்.

எக்ஸ்புளோரரில் மட்டுமே இயங்கும் பழைய தளம் ஒன்றை அலுவலகத்தில் பயன்படுத்த வேண்டியிருந்தால், அதற்கும் எக்ஸ்டென்ஷன் தேவையில்லை. எட்ஜ் செட்டிங்ஸில் டீபால்ட் பிரவுசர் பகுதியில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் மோட் இருக்கிறது. அதை அனுமதித்து, அந்தத் தளத்தின் முகவரியைப் பட்டியலில் சேருங்கள். 30 நாட்களில் முகவரி பட்டியலிலிருந்து தானாக நீங்கிவிடும்; மீண்டும் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும், தளத்தை எப்போது மாற்றப் போகிறீர்கள் என்று அதன் நிர்வாகிக்கு ஒரு மெயில் தட்டிவிடுங்கள்.